வெட்டி ஒட்டினால் அது கைவேலை இல்லையா?

"படம் அச்சடிச்சது யாரோ. நீ வெட்டி ஒட்டியிருக்கே. இதுல உன் வேலை என்னம்மா?" இங்கே மொரிஷியஸில், வருஷப் பிறப்புக்கு முன்னால் கோயில் கூடத்தில் நாங்கள் போட்டிருந்த சின்ன வாழ்த்து அட்டைக் கடையில் ஒரு பெரியவர் கேட்டது இது. கோபமாகக் கேட்கவில்லை, கிண்டலும் இல்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார். கேட்டுவிட்டு இரண்டு அட்டை வாங்கிக்கொண்டும் போனார். வாங்காமல் போயிருந்தால் 'சரி, அவருக்குப் பிடிக்கவில்லை' என்று அன்று சாயங்காலமே மறந்திருப்பேன். காசும் கொடுத்துவிட்டுக் கேள்வியையும் விட்டுவிட்டுப் போனார் பாருங்கள், அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி என்னை முந்திக்கொண்டு, "ரொம்ப நேரம் எடுக்கும் ஐயா, கஷ்டமான வேலை" என்று சொன்னாள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. தாளும் கத்தரிக்கோலும் கையில் இருந்தால் ஓர் அட்டை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அந்த வேகம்தான். அதை எதற்காக ஒளித்து வைக்க வேண்டும், கையால் செய்தது என்றால் கண் வலிக்க வலிக்கச் செய்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது என்று அன்றைக்கு ஆரம்பித்த யோசனை, இதோ எழுதும் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

என் அட்டை எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ4 அளவில் 250 ஜிஎஸ்எம் கெட்டி அட்டையைக் குறுக்காகப் பாதியாக வெட்டினால் இரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 105க்கு 148 மில்லிமீட்டரில் ஓர் அட்டை. எந்த லிப்ரேரியிலும் (புத்தகமும் எழுதுபொருளும் விற்கிற கடையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கிடைக்கிற சி6 உறைக்குள் அது வசதியாகப் போகும். முகப்பில் 95க்கு 138 என்று வெட்டிய டிசைன் தாளை, நாலு பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் ஓரம் தெரிகிற மாதிரி ஒட்டினால் வேலை பாதிக்கு மேல் முடிந்தது. அதன் மேல் ஒரு வெள்ளைச் சதுரம், அல்லது வேறு தாளில் ஒரு பட்டை, அல்லது ஒன்றுமே வேண்டாம். தாளின் டிசைன் நன்றாக இருந்தால் அது மட்டுமே போதும். மடிப்பதற்கு முன்னால் இரும்பு ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுத்துக்கொள்ள வேண்டும். கோடு இழுக்காமல் கெட்டி அட்டையை மடித்தால் மடிப்பில் வெடித்துப் போகும். இணையத்தில் இதற்கென்று எலும்புக் கத்தி, கீறுபலகை என்று என்னென்னவோ விற்கிறார்கள். தீர்ந்துபோன பேனா எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

ஒட்டுவதில் மட்டும் நான் கொஞ்சம் கறார். எங்கள் வீடு கியூர்பிப்பில். அங்கே மழை எப்போது வரும் என்று கேட்பதை விட எப்போது நிற்கும் என்று கேட்பதுதான் நியாயம். அந்த ஈரத்தில் வெள்ளைப் பசையை மெல்லிய தாளில் தடவினால், தாள் தண்ணீரைக் குடித்து விரிந்து, காயும்போது சுருங்கி, முகப்பு முழுக்க மேடும் பள்ளமுமாக ஆகிவிடும். டபுள் சைடு டேப்தான் சரி. தாளின் நாலு ஓரத்திலும், நடுவில் ஒன்றும் ஒட்டிவிட்டு, மேல்பக்கத்துக் காகிதத்தை மட்டும் கொஞ்சம் உரித்து, வைத்துப் பார்த்து, நேராக இருக்கிறது என்று கண்ணுக்குத் திருப்தியான பிறகு மிச்சத்தை உரிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் உரித்துவிட்டு நேராக வைக்கிறேன் என்று உட்கார்ந்தால் கோணலாகத்தான் விழும், எடுக்கவும் முடியாது.

போஸ்ட் ஆபீஸ் பார்க்காத அட்டைகள்

எங்கள் கடையில் வேறு வகை அட்டைகளும் இருந்தன. காகிதக் கீற்றுகளைச் சுருட்டிச் சுருட்டி மயில் செய்தது, சரிகை வைத்துக் கோபுரம் கட்டியது, திறந்தால் உள்ளிருந்து காவடி எழுந்து நிற்பது. அவற்றைச் செய்த தோழிகளின் பொறுமைக்கு நான் கும்பிடு போடுகிறேன். ஆனால் அவற்றுக்கு என்ன ஆகிறது என்று கவனித்துப் பார்த்தேன். வாங்குகிறவர்கள் அனுப்புவதில்லை. "இதைப் போய்த் தபால்ல போடறதா, நசுங்கிடுமே" என்று வீட்டு அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். உள்ளே ஒரு எழுத்துகூட எழுதுவதில்லை, எழுதினால் கெட்டுவிடும் என்று பயம். வாழ்த்து சொல்ல வாங்கிய அட்டை, யாருக்கும் எதுவும் சொல்லாமல் தூசி படிந்து கிடக்கிறது. எளிய அட்டைக்கு இந்தக் கதி இல்லை. தட்டையாக இருக்கும், சாதாரண உறையில் போகும், தப்பாக எழுதிவிட்டால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். பனானே, அதாவது புத்தாண்டுச் சமயத்தில் ஒரே வீட்டிலிருந்து சித்தப்பா வீட்டுக்கு, டீச்சருக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று பத்துப் பதினைந்து அட்டை போக வேண்டியிருக்கும்போது மயில் சுருட்டிக்கொண்டிருந்தால் தைப்பூசமே வந்துவிடும். வாட்ஸாப்பில் வந்த படத்தையே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதோடு போட்டி போட வேண்டுமென்றால், கையால் செய்வது அதற்கு ஈடு கொடுக்கிற அளவுக்காவது சுலபமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதெல்லாம் பெரியவரின் கேள்விக்குப் பதில் ஆகவில்லை என்பது எனக்கே தெரிந்தது. சுலபமாக இருப்பது ஏன் நல்லது என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. 'இதில் உன் வேலை என்ன' என்பது அப்படியே நின்றது. யாரோ ஒரு ஓவியர் எங்கேயோ உட்கார்ந்து வரைந்த பூ, ஏதோ ஒரு ஆலையில் அச்சாகி, கப்பலில் வந்து, ரோஸ்ஹில் கடையில் சுருட்டி வைத்திருந்ததை நான் வாங்கிவந்து வெட்டுகிறேன். அதில் 'கையால் செய்தது' என்று எழுதி விற்க எனக்கு என்ன உரிமை?

கட்டிங் அத்தை

எங்கள் தெருவில் ஒரு அத்தை இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். இளம் வயதிலேயே துணி ஆலையில் சேர்ந்து, கட்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். எங்கள் நாட்டில் 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகு எத்தனை வீட்டுப் பெண்கள் காலையில் ஆலை பஸ் ஏறினார்கள் என்பதை மொரிஷியஸ்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று உலக அளவில் இருந்த ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை 2005 தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது அத்தையின் வேலையும் போனது. தெருப் பிள்ளைகள் அவரைக் கட்டிங் அத்தை என்றே கூப்பிடுவார்கள், அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு சனிக்கிழமை மழைக்கு ஒதுங்கின மாதிரி எங்கள் வீட்டுக்கு வந்தவர், சாப்பாட்டு மேஜையில் நான் தாள் வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். பன்னிரண்டு அங்குலச் சதுரத் தாள், வெளிர்ப் பச்சையில் செம்பருத்தி. அதில் எனக்குப் பிடித்த பெரிய பூ நடுவில் இருந்தது. பென்சிலால் அதைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டு, வெட்ட ஆரம்பித்திருந்தேன். அத்தை கத்தரிக்கோலை என் கையிலிருந்து பிடுங்காத குறை. "நடுவுல ஓட்டை போட்டா மிச்சத்தை யார் திம்பா?" என்றார். (எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னது இதைவிடக் காரமாக இருந்தது, இவ்வளவுதான் எழுத முடியும்.) அப்புறம் உட்கார்ந்தார். புதுத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கினார். உடனே வெட்டிவிடவில்லை. விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து மெல்ல வளைத்தார், பிறகு திருப்பி மற்ற இரண்டு ஓரத்தையும் அதே மாதிரி வளைத்தார். "இந்தப் பக்கம் வளையுது, அந்தப் பக்கம் முரண்டு பிடிக்குது. துணியில நூல் ஓடுற மாதிரி இதுலயும் ஓடுது, இல்லையா?" என்று கேட்டார். ஆமாம், தாள் செய்யும்போது நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையில்தான் படிகின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு சுத்தமாக வரும், குறுக்கே மடித்தால் நார் உடைந்து பொரிந்து நிற்கும். எனக்கு அது புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம். அத்தை விரலாலேயே கண்டுபிடித்தார்.

அடுத்து பூக்களைப் பார்த்தார். எல்லாப் பூவும் ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கிறதா, அல்லது எப்படித் திருப்பினாலும் சரியாக இருக்கிற டிசைனா என்று. "ஒரு பக்கத் துணின்னா தலைகீழா வெட்டக் கூடாது. சட்டையில ஒரு கை பூ மேல பார்க்கும், இன்னொரு கை பூ கீழ பார்க்கும். கட்டு கட்டாத் திரும்பி வரும்." செம்பருத்திக்கு மேல் கீழ் உண்டு. அதை முடிவு செய்துகொண்டு, ஸ்கேலை வைத்து மேல் இடது மூலையிலிருந்து அளக்க ஆரம்பித்தார். 95க்கு 138 என்று என் அளவைச் சொன்னேன். பக்கவாட்டில் மூன்று, கீழாக இரண்டு, மொத்தம் ஆறு முகப்பு. வலது ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை மிஞ்சியது, அடியில் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இன்னொன்று. "இது எதுக்கு ஆகும்?" என்றார். வெற்று அட்டையில் குறுக்கே ஒட்டலாம் என்றேன். அடிப் பட்டையை 95 வீதம் மூன்றாக வெட்டிக்கொடுத்தார். வலது பட்டையைக் குறுக்காகப் படுக்கவைத்தால் பூ சாய்ந்துவிடும் என்று, அதை மட்டும் 138 நீளத்தில் இரண்டாக வெட்டி, நிமிர்த்தி ஒட்டச் சொன்னார். ஒரு தாளில் ஆறு முகப்பு, ஐந்து பட்டை. பதினொரு அட்டை. குப்பைக்கூடைக்குப் போனது ஒரு கைப்பிடிகூட இல்லை. பெரிய செம்பருத்தி மட்டும் இரண்டு அட்டைக்கு நடுவில் பாதிப் பாதியாகப் போய்விட்டது. முழுப் பூவைக் காட்டிலும் ஓரத்தில் வெட்டுப்பட்டு உள்ளே எட்டிப் பார்க்கிற பாதிப் பூதான் நன்றாக இருந்தது.

அவர் வெட்டுவதைப் பார்த்தபடி நான் அந்தப் பெரியவர் கேட்டதைச் சொன்னேன். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆலையில நான் ஒரு முழம் துணி நெய்ததில்லை, ஒரு பூ அச்சடிச்சதில்லை. வெட்டறது மட்டும்தான். நான் தப்பா வெட்டினா கீழே இருக்குற அத்தனை அடுக்கும் போச்சு. அப்புறம் யார் தைச்சு என்ன?" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அடுத்த தாளைக் கேட்டார்.

அந்தப் பேச்சு எனக்குள் ஏதோ ஒன்றை நகர்த்தியது. தையற்காரரிடம் போய் 'துணி நெய்தது யாரோ, இதில் உன் வேலை என்ன' என்று யாரும் கேட்பதில்லை. எந்தத் துணி யாருக்குப் பொருந்தும், எந்த இடத்தில் வெட்டினால் கரை எங்கே வந்து விழும், இரண்டு துணி சேரும்போது எது அடங்கிப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் வேலை என்று நமக்குத் தெரியும். தாளிலும் அதே கதைதான். பெரிய பூ போட்ட தாளோடு இன்னொரு பெரிய பூவைச் சேர்த்தால் இரண்டும் சண்டை போடும். பெரிய பூ, பொடிப் புள்ளி, ஒரு கோடு என்று சேர்த்தால் அமைதியாக இருக்கும், மூன்றிலும் ஏதாவது ஒரு நிறம் பொதுவாக இருந்துவிட்டால் போதும். பட்டையாக வெட்டப் போகிற தாளில் டிசைன் பொடியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதோ ஒரு இதழின் மூலை மட்டும் தெரிந்து அழுக்குப் பட்ட மாதிரி இருக்கும். சைனாடவுனில் வாங்கிய தங்க ரேகை ஓடும் சிவப்புத் தாளை மஞ்சள் அட்டையில் ஒட்டினால் நம் வீட்டுக் கல்யாணம். அதையே வெள்ளை அட்டையில் மெல்லிய பட்டையாக ஒட்டினால் அலுவலக நண்பருக்குக் கொடுக்கலாம். பத்து நிமிஷத்தில் முடிவது வெட்டுவதும் ஒட்டுவதும். எந்தத் தாள், எதோடு, யாருக்கு என்கிற யோசனை கடையில் தாளைத் தொட்ட நிமிஷத்திலேயே ஆரம்பித்திருக்கும்.

ராணியின் தலையும் இரவல்தான்

இது நடந்த பிறகு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போர்ட் லூயிஸில் கோதான் துறைமுகத்துப் பக்கம் ப்ளூ பென்னி அருங்காட்சியகத்துக்குப் போனேன். பள்ளியில் எதற்கோ எழுத வேண்டும் என்றான். எங்கள் தீவிலேயே அதிக விலை போன காகிதம் அங்கேதான் இருக்கிறது. 1847 செப்டம்பரில் வெளியான இரண்டு தபால் தலைகள், ஒரு பென்னி ஆரஞ்சுச் சிவப்பு, இரண்டு பென்ஸ் நீலம், ஒவ்வொன்றிலும் 500 அச்சடித்தார்கள். இங்குள்ள வங்கியும் நிறுவனங்களும் சேர்ந்து 1993இல் இருபது லட்சம் டாலருக்கு இரண்டையும் வாங்கித் திரும்பக் கொண்டுவந்தன. வெளிச்சம் பட்டு நிறம் மங்கிவிடும் என்று அசலுக்குக் கொஞ்ச நேரம்தான் விளக்குப் போடுகிறார்கள், மற்ற நேரமெல்லாம் நகலைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தபால் தலைகளில் சில, கவர்னர் மனைவி லேடி கோம் நடத்திய ஆடல் விருந்தின் அழைப்பிதழ் உறைகளில் ஒட்டப்பட்டுப் போனவை. அதுவரை நான் அதைத் தபால் தலைக் கதையாகவே கேட்டிருந்தேன். அட்டை செய்கிறவளுக்கு உறை கண்ணில் படாமல் போகுமா?

அந்தத் தபால் தலைகளைச் செதுக்கியவர் போர்ட் லூயிஸில் இருந்த ஜோசப் பார்னார்ட். அதில் இருக்கிற விக்டோரியா ராணியின் தலை அவர் கற்பனை இல்லை. இங்கிலாந்துத் தபால் தலையில் இருந்ததைப் பார்த்து, செப்புத் தகட்டில் கையால் செதுக்கினார். லண்டன் வேலையின் நயம் அதில் இல்லை என்பது பூதக்கண்ணாடி இல்லாமலே தெரியும். ஆனாலும் ராணியின் கழுத்துக்குக் கீழே தன் பெயரின் முதல் எழுத்துகளைப் பொடியாகப் பொறித்துவிட்டார். படம் இன்னொருவருடையது, அவசர வேலை, முரட்டுக் கை, ஆனால் கையெழுத்துப் போடுவதில் மனிதருக்குக் கூச்சமே இல்லை. அக்கா மகன் நீல நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் அந்த இரண்டு எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உள்பக்கம்

முகப்பு சீக்கிரம் முடிந்துவிடுவதில் இன்னொரு லாபம் உண்டு, என் கணக்கில் அதுதான் பெரிய லாபம். உள்பக்கத்துக்கு நேரம் மிஞ்சுகிறது. எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, எங்கள் கடைகளின் வாழ்த்து அட்டை வரிசையில் தமிழைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிரெஞ்சும் இங்கிலீஷும்தான் வரிசையாக நிற்கும். கைவேலைக்கு விற்கிற ரப்பர் முத்திரைகளும் அப்படியே. அதனால் என் அட்டைகளின் முகப்பில் எந்த மொழியும் கிடையாது, டிசைன் மட்டும். தமிழை உள்ளே கையால் எழுத வேண்டும். கோயில் கடையில் ஒரு பேனாவும் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் சிலர் நாக்கைத் துருத்திக்கொண்டு 'அன்புள்ள தாத்தாவுக்கு' என்று எழுதினார்கள். ழகரம் ஒரு பெண்ணுக்கு அட்டையின் பாதி அகலத்துக்கு வந்துவிட்டது, 'வாழ்த்து' ஒரு வரியில் அடங்காமல் அடுத்த வரிக்குப் போனது. அவள் முகப்பைப் பார்த்து எடுத்தது வெறும் நீலக் கோடு போட்ட அட்டை, கடையிலேயே மலிவானது. அந்தத் தாத்தா எதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சகத்திலிருந்து கட்டாக வரும். யார் வீட்டுப் பத்திரிகையும் மற்றதைப் போலத்தான் இருக்கும், அதே பிள்ளையார், அதே தங்க எழுத்து. அம்மா ஒரு தட்டில் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு, விரலால் நாலு மூலையிலும் தொட்டுத் தொட்டு வைப்பார். ஒரு பத்திரிகைக்குச் சில நொடிதான் ஆகும். அதற்குப் பிறகுதான் அது கொடுக்கத் தகுதியான பத்திரிகை. 'மஞ்சள் அரைத்தது யாரோ' என்று அம்மாவிடம் யாராவது கேட்டிருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார்கள்.

கட்டிங் அத்தை இப்போது சனிக்கிழமைகளில் தவறாமல் வருகிறார். வெட்டுவது அவர், ஒட்டுவது நான். மிஞ்சுகிற துண்டுகளை உறைக்குள் உள்தாளாக ஒட்டலாம் என்பதும் அவர் யோசனைதான். உறையின் மடலைத் திறந்ததும் உள்ளே முகப்பின் அதே பூ தெரிய வேண்டுமாம். ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்கு ஒத்துப் போகவில்லை. முகப்பின் மேல் நான் ஒட்டுகிற சின்ன ரிப்பன் முடிச்சு அவருக்கு ஆகவே ஆகாது. உறை தடித்துப் போகிறது, தபால் பெட்டி வாயில் மாட்டுகிறது, பட்டன் தைக்காத சட்டைக்கு எதற்கு இந்த அலங்காரம் என்கிறார். நான் ஒட்டி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வருவதற்குள் இரண்டு மூன்று அட்டையிலாவது ரிப்பனைக் காணவில்லை.